வக்கீலுக்குப் படிக்கிறாள் என் மகள்

எங்கள் அப்பா கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். ராத்திரி கடலிலிருந்து திரும்பும்போது கரை எந்தப் பக்கம் என்று தெரிய அவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஹைகோர்ட்டின் பெரிய கோபுர உச்சியில் எரிந்த விளக்குதான் அது. 1894-ஆம் வருஷத்திலிருந்து 1977 வரை அந்தக் கோபுரம்தான் சென்னையின் கலங்கரை விளக்கம். “கோர்ட்டுன்னா நமக்கு அந்த வெளிச்சம்தாம்மா. வெளியிலேருந்து பார்த்துக்கினா போதும். உள்ள மட்டும் போயிடக் கூடாது” என்பார் அப்பா. காசிமேட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் கொள்கை. போலீஸ், கோர்ட், வக்கீல் என்ற மூன்று வார்த்தைகளில் ஒன்று வீட்டுக்குள் வந்தாலே, கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகப் போகிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட வீட்டில், பன்னிரண்டாவது முடித்த கையோடு “நான் லா காலேஜில் சேரப் போறேன்” என்று என் மகள் வந்து நின்றால் எப்படி இருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். கோபக்காரர் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி சாப்பிடாமல் எழுந்துவிட்டார். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?” என்றார். மகள் விடவில்லை. பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்தது 1923-இல்தான் என்றும், 1989-இல் பாத்திமா பீவி சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் ஜட்ஜ் ஆனார், பிறகு நம் தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்தார் என்றும் அடுக்கினாள். அவர் அசையவில்லை.

எனக்கிருந்த பயம் வேறு. 2008 நவம்பர் 12-ஆம் தேதியை மறக்க முடியுமா? அப்போது இவளுக்கு மூன்று வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். டி.வி.யில், பாரிமுனையில் ஹைகோர்ட்டை ஒட்டியிருந்த அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில், மாணவனை மாணவனே கட்டையால் அடிக்கிறான். கீழே விழுந்து கிடப்பவனையும் விடவில்லை. எல்லாம் சாதியின் பெயரால். போலீஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ‘சட்டம் படிக்கிற பிள்ளைகளா இவர்கள்?’ என்று வாய்விட்டே கேட்டேன். பிள்ளைக்கு ஊட்டிய சோறு கையிலேயே காய்ந்து போனது.

அதை விசாரித்த நீதிபதி சண்முகம் கமிஷன், கல்லூரியை அந்த இடத்திலிருந்தே மாற்றச் சொன்னது. 2018-இல் கல்லூரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திருவள்ளூர் தாண்டிப் பட்டறைப்பெரும்புதூரிலும், இன்னொன்றைக் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்திலும் கொண்டு வைத்தார்கள். 1891-இல் தொடங்கிய கல்லூரி. பழைய இடத்தில் இருந்தவரை வகுப்பு முடிந்ததும் அப்படியே நடந்து போய் ஹைகோர்ட்டில் கேஸ் கேட்கலாம். இப்போது என் மகள் காசிமேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு பஸ், அங்கிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில், பிறகு இன்னொரு பஸ் என்று விடியற்காலையிலேயே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கட்டடத்தை மாற்றிவிட்டார்கள், சரி. பிள்ளைகளின் மனசை மாற்றுவது யார் பொறுப்பு? சேர்க்கும் முன்பு இந்தக் கேள்விதான் என்னை அரித்தது. கடைசியில் 2023-இல் சேர்த்தோம். அரசுக் கல்லூரி என்பதால் சம்பளம் சில ஆயிரத்தோடு போயிற்று. இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது.

சேர்ந்த புதிதில் அவளுக்கு இங்கிலீஷ்தான் பெரிய கண்டம். தமிழ் மீடியம் பிள்ளை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை அகராதியோடு உட்கார்ந்திருப்பாள். அது பழகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. போன வருஷம் தடைக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு மேடம் தன் மாணவ மாணவிகளை அழைத்துக்கொண்டு எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார். இலவச சட்ட ஆலோசனை முகாம். ஐம்பது வயசிருக்கும். காட்டன் புடவை, தோளில் துணிப் பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதலில் அவர் பேசியது எங்களிடம் அல்ல, பிள்ளைகளிடம். சிங்காரவேலரைப் பற்றிச் சொன்னார். மீனவக் குடும்பத்தில் 1860-இல் பிறந்தவர், 1907-இல் சட்டப் பட்டம் வாங்கி ஹைகோர்ட்டில் வக்கீல் தொழில் செய்தவர், 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது ‘இனி இந்தக் கோர்ட்டில் வாதாட மாட்டேன்’ என்று தன் கறுப்பு கவுனை ஊரறிய எரித்தவர். பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குச் ‘சிங்காரவேலர் மாளிகை’ என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். அதன் வாசலில் எத்தனை தடவை மனுவோடு நின்றிருக்கிறேன்! அவர் வக்கீல் என்பது அன்றுதான் தெரிந்தது. (கவுனை எரித்தது பெரிதா, கவுனைப் போட்டுக்கொண்டே ஒழுங்காக இருப்பது பெரிதா என்று என் மகளும் அவள் அப்பாவும் அன்று ராத்திரி வெகுநேரம் வாதாடினார்கள். சாப்பிடாமல் எழுந்த அதே அப்பாதான்!)

பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் குறையைக் கேட்டு எழுதினார்கள். படிக்கிற பிள்ளைகள் கோர்ட்டில் வாதாட முடியாது. கேட்டுக் குறிக்கலாம், மனு எழுத உதவலாம், துணைக்குப் போகலாம். அவ்வளவுதான்.

என் மகளிடம் வந்து உட்கார்ந்தது பக்கத்து வீட்டு அக்கா. பெயர் வேண்டாம். “எழுதும்மா, ஆனா பேரைப் போடாதே” என்று சொல்லித்தான் இதை எழுத அனுமதி கொடுத்தாள்.

அந்த அக்காவின் புருஷன் மூன்று வருஷம் முன்பு, ஐப்பசி மாதம், இரண்டு பேராகப் பைபர் படகில் போனவர். எண்ணூர் பக்கம் படகு கவிழ்ந்தது. கூடப் போன தம்பியை வேறு படகுக்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இவர் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாததால் சாவுச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் பாங்கில் அவர் பெயரில் கிடக்கும் பணம் வராது, விபத்து நிதி வராது, விதவை பென்ஷனும் வராது. பொட்டு வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்பதே அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. வைத்தாலும் ஊர் பேசும், வைக்காவிட்டாலும் மாமியார் அழுவாள். நடுவில் வக்கீல் குமாஸ்தா என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ‘ஒரே மாதத்தில் வாங்கித் தருகிறேன்’ என்று பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு போனார். போனவர்தான்.

இதையெல்லாம் கேட்டதும் என் மகளுக்குத் தாங்கவில்லை. சின்ன வயசில் அவளை மடியில் போட்டு வளர்த்த அக்கா ஆயிற்றே. “கவலைப்படாதீங்க பெரிம்மா, ரெண்டு மாசத்துல சர்டிபிகேட் வந்துடும், நாங்க பார்த்துக்கறோம்” என்று சொல்லிவிட்டாள். அக்கா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

சாயந்திரம் எல்லாரும் போன பிறகு மேடம் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். நான் டம்ளர்களை அலம்பிக்கொண்டிருந்தேன். மகளைக் கூப்பிட்டார்.

“ரெண்டு மாசம்னு யார் சொன்னது?”

“நான்தான் மேடம்.”

“எதை வெச்சுச் சொன்னே?”

இவள் தலையைக் குனிந்துகொண்டு, “பாவமா இருந்துச்சு மேடம்” என்றாள்.

“உன் பாவத்துக்கு அவங்க ஏன் கடன் படணும்? இப்பவே போய் அது தப்புன்னு சொல்லிட்டு வா. நானும் கூட வரேன். ஆனா பேச வேண்டியது நீ.”

சத்தம் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்றவள் நான் நிற்கும்போதே இப்படியா? ஒரு ஏழைப் பொம்பளைக்கு ஆறுதல் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

அக்கா வீட்டு வாசலில் நின்று என் மகள் திக்கித் திக்கிச் சொன்னாள். காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் அப்படி இருந்தது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அதே ஏழு வருஷம்தான். ‘ரெண்டு மாசம் என்று சொன்னது என் தப்பு.’

அக்கா இவளைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்து, “அப்போ இன்னாத்துக்கு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“உடம்பு கிடைக்கலைன்னாலும், கவிழ்ந்ததைக் கண்ணால பார்த்த ஆள் இருக்கார். அதனால ஏழு வருஷம் காத்திருக்காம கோர்ட்டுல கேக்க முடியுமான்னு எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியலைம்மா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்” என்று மேடம் கதவைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் எதிரில், ஒரு வாத்தியாரம்மா, ‘எனக்குத் தெரியவில்லை’ என்றார். என் பள்ளிக்கூட நாளில் ஒரு டீச்சர் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

அன்று ராத்திரி மகள் அழுதாள். நான் மேடத்தைத் திட்டித் தீர்த்தேன். அக்கா நாலு நாள் எங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குழாயடியில் அவளாகவே சொன்னாள். மறுநாள் காலை, ரெண்டு மாசத்தில் பணம் வந்துவிடும் என்று சொல்லி, மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க வட்டிக்காரரிடம் முப்பதாயிரம் வாங்குவதாக இருந்தாளாம். என் குடம் நிரம்பி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பத்து நாள் கழித்து மேடம் வந்தார், தனியாக. கல்மண்டபத்தில் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார். கோர்ட்டில் கேட்கலாம், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தப்பி வந்த தம்பி சாட்சி சொல்ல வேண்டும், போலீசில் அப்போது கொடுத்த புகாரின் நகல் வேண்டும், தேடிப் பார்த்ததற்கான காகிதங்கள் வேண்டும். இதைத்தான் சொன்னார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள்.

2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரிப் பக்கம் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்கு, ஏழு வருஷம் காத்திருக்க வைக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. நூற்றுக்கணக்கில் போனால் கண் திறக்கிறது. ஒற்றைப் படகு போனால் ஒற்றைப் பெண் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. இது என் ஆற்றாமை. மேடம் அப்படியெல்லாம் பேசவில்லை.

இப்படிப் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்து வருவது யார் ஆரம்பித்த வழக்கம் என்று அன்று அவரையே கேட்டேன். மாதவ மேனன் என்ற ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். 1935-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். டில்லியில் வாத்தியாராக இருந்தபோதே மாணவர்களை வைத்து ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி நடத்தியவர். நம் புதுச்சேரி சட்டக் கல்லூரியில் பிரின்சிபாலாகவும் இருந்திருக்கிறார். பிறகு பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கினார். 1988-இல் அங்கே முதல் வகுப்பு தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்ததும் நேரே சேர்ந்து ஐந்து வருஷம் சட்டம் படிக்கும் முறை நாடெங்கும் பரவ அந்தப் பள்ளிதான் பெரிய காரணம். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்று, நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் அல்லவா? வக்கீலுக்குப் படிக்கிறவர்கள் மட்டும் புத்தகத்தை உருப்போட்டுவிட்டு நேரே மனிதர்கள் தலையில் கை வைத்தால் எப்படி? அதனால் அவர்களுக்கும் ‘கிளினிக்’ வேண்டும் என்று கடைசிவரை சொன்னவர் அவர். 2019-இல் காலமானார். மறு வருஷம் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

என் மகளுக்கு இதில் ஒரு கோபம் உண்டு. பெங்களூர்ப் பள்ளியில் இன்றைக்குச் சம்பளம் லட்சக் கணக்கில். நுழைவுத் தேர்வு இங்கிலீஷில் மட்டும். “அங்க படிச்சவங்க நிறையப் பேர் பெரிய கம்பெனிக்குப் போயிடறாங்க. காசிமேட்டுக்கு எங்க மேடம்தானே வந்தாங்க?” என்கிறாள். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த மேனன் போட்ட விதைதானே இந்த மேடம் வரைக்கும் வந்திருக்கிறது? இப்போது பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும். தொழில் நெறி என்று தனியாக ஒரு பாடமும் கட்டாயம். பாடம் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. ஆனால் என் மகள் அந்தப் பாடத்தைப் படித்தது அக்கா வீட்டு வாசற்படியில்தான்.

அவள் படித்ததில் நமக்குப் பிரயோஜனப்படுகிறதையும் சொல்லிவிடுகிறேன். பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே கோர்ட் கேஸுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1987-இல் இயற்றி, 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அது. அந்தந்தக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீசில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அப்படி வைத்துக் கொடுத்த வக்கீலுக்கு நாம் பீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, ‘ஜெயித்தால் வருகிற பணத்தில் இத்தனை பங்கு எனக்கு’ என்று எந்த வக்கீலும் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. விபத்து கேஸில் பாதிக்குப் பாதி என்று பேசிக் கையெழுத்துப் போட்டவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

அக்கா அப்படித்தான் மனுக் கொடுத்தாள். வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். தப்பி வந்த தம்பி மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து வரவே மூன்று மாதம் ஆயிற்று. முதலில் அவன் வர மறுத்தான். அந்த ராத்திரியைத் திரும்பப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும்? என் வீட்டுக்காரர்தான் போனில் பேசிப் பேசி வரவழைத்தார். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அக்கா போகிறாள். லீவு நாளாக இருந்தால் என் மகளும் துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முகாம் நடந்த அன்று ராத்திரியே, சாப்பிடும்போது, ‘உள்ளே அக்கா வேறென்ன சொன்னாள்?’ என்று மகளிடம் கேட்டேன். “அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! இருபது வருஷமாகச் சுவரை ஒட்டிக் குடியிருக்கிறோம், அந்த அக்கா வீட்டில் எந்த டப்பாவில் உப்பு, எந்த டப்பாவில் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். என்னிடமா சொல்லக் கூடாது? “நம்பி வந்து சொன்னதை வெளியே சொன்னா, நாளைக்கு யாரும் எங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க. அம்மான்னாலும் வெளிதான்” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மேடத்தின் குரல் அப்படியே!

போன வாரமும் வாய்தா. இருவரும் மத்தியானம் திரும்பி வந்தார்கள். அக்கா முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளிடம், “கோர்ட்டுல பேசினதுதான் ஊருக்கே கேக்குமே, அதையாவது சொல்லேண்டி” என்றேன்.

“பெரிம்மாவையே கேளும்மா” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.